தானாக முடிவெடுக்கும் செயற்கை நுண்ணறிவின் மீது அரசுக் கண்காணிப்பு என்றால் என்ன?

தானாக முடிவெடுக்கும் கணினி அமைப்பு தவறினால் அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, பாதிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பவற்றைச் சட்டத்தால் முன்கூட்டியே வரையறுத்து, அது நடக்கிறதா என்று பார்ப்பதே அரசுக் கண்காணிப்பு.

இதன் தேவையை நெதர்லாந்து வலியோடு கற்றது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களில் மோசடியைத் தேட அந்நாட்டு வரித்துறை பயன்படுத்திய, தானே கற்கும் நிரலில், விண்ணப்பித்தவரின் குடியுரிமையும் ஓர் அளவுகோலாக இருந்தது. அந்நிரலும் இரக்கமற்ற விதிகளும் சேர்ந்ததில், ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டுக் கடனில் மூழ்கினர். தாங்கள் ஏன் சந்தேகிக்கப்பட்டோம் என்று கேட்டவர்களுக்கு விளக்கம்கூடக் கிடைக்கவில்லை என்பதே, என் பார்வையில், இதில் மிகப் பெரிய அநீதி. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்து, படிப்படியாக நடைமுறையாகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அதிக ஆபத்துள்ள அமைப்புகளின் முடிவைப் புறக்கணிக்கவும், தேவையெனில் அவற்றை நிறுத்தவும் மனிதரால் இயல வேண்டும் என்கிறது. ஓட்டுநர் பயிற்சிக் காரில் கற்பவர் ஓட்டினாலும், பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். விபத்து நேர்ந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒரு மனிதர் பொத்தானை அழுத்தினாலே அது கண்காணிப்பு ஆகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். கணினி சொன்னதை மறுக்க நேரமும் தகவலும் அதிகாரமும் இல்லாதவரின் ஒப்புதல் வெறும் முத்திரைதான்.