குடல் பாக்டீரியாவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் மகள் மருத்துவம் வேண்டாம், குடல் பாக்டீரியா ஆராய்ச்சிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். கொஞ்சம் தாமதமாகப் போடும்.

அவளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று முதலில் பார்ப்போம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். புரோப்பியோனேட்டில் பெரும்பகுதி கல்லீரலோடு நின்றுவிடும். அசிட்டேட் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் ஒருவகை டி செல்கள் (நோயெதிர்ப்பு செல்கள்) பெருக இந்த அமிலங்கள் உதவுகின்றன என்று 2013-ல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களிடம் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆராய்ச்சிக்கு ஆள் தேவைப்படுவதும் அதனால்தான்.

சரி, அன்றாட வேலை எப்படி இருக்கும்? இந்த அமிலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க, மல மாதிரியை வாங்கியவுடன் உறைய வைக்க வேண்டும். விட்டால் பாக்டீரியா உள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும், கணக்கு தப்பிவிடும். அப்புறம் அதில் அமிலம் சேர்த்து, வடித்தெடுத்து, கலவையை ஆவியாக்கிப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கும் வாயு குரோமட்டோகிராபி கருவியில் ஏற்றுவார்கள். பியூட்டிரிக் அமிலத்துக்குக் கெட்டுப்போன வெண்ணெயின் வாடை. முகம் சுளிப்பவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. இத்தனையும் செய்து கிடைக்கும் எண்ணும் முழு உண்மை இல்லை: உருவாகும் அமிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தைக் குடலே உறிஞ்சிவிடுகிறது, மலத்தில் இருப்பது மிச்சம்தான். எண்ணைப் பார்த்தவுடன் நம்பாமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவளுக்கே இங்கே மதிப்பு.

அதனால் இளநிலையிலேயே 'மைக்ரோபயோம்' (உடம்பில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்) என்று பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். உயிர்வேதியியல் அல்லது நுண்ணுயிரியல் எடுக்கட்டும், கூடவே புள்ளியியலை விடாமல் படிக்கட்டும். கணினியில் ஆர்வம் இருந்தால் பிறகு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் துறை, பக்கம் போகலாம். மனிதர்களோடு பேசிப் பழகுவது பிடித்தால் ஊட்டச்சத்தியல். சொந்தமாக ஆராய்ச்சி செய்ய முனைவர் பட்டம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வீட்டின் ஆதரவு வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் உணவு, மருந்து நிறுவனங்களின் தரப் பரிசோதனைக் கூடங்களில் இதே கைப்பழக்கத்துக்கு இடமுண்டு.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா வளர்க்கும் வசதி இருக்கிறதா, மாணவர்களை அதில் கைவைக்க விடுகிறார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்களில் பல, காற்றுப் பட்டாலே செத்துவிடும்.