கண்ணைக் காக்கும் ஜீனும் காசு கேட்கும் மாத்திரையும்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பொழுது சாய்ந்தால் வாசல்படிகூடத் தெரிவதில்லை. ஆர்.பி. என்கிற விழித்திரை நோய், குணமாக்க மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ‘கண் செல்களைச் சாகவிடாமல் காக்கும் ஜீன்கள் உடம்பிலேயே உள்ளன, எங்கள் மாத்திரை அவற்றை எழுப்பும்’ என்று போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு 48,000 ரூபாய். நகையை அடகு வைத்து வாங்கலாமா? என் கணவர் எனக்குத் தாய்மாமன். மகனுக்குக் கீழே ஒரு மகளும் இருக்கிறாள்.
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்த விளம்பரத்தின் முதல் பாதி உண்மை, மறு பாதி பொய். உண்மையை முன்னால் நிறுத்திப் பொய்யை விற்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

உண்மையைச் சொல்கிறேன். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் ஒரு கண்ணுக்குச் சுமார் 12 கோடி. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் எழுத்துக்கும் உள்ள கூம்பு செல்கள் 60 லட்சம்தான். ஆர்.பி.யில் பெரும்பாலும் ஜீன் கோளாறு குச்சி செல்லைத்தான் தாக்கும். அதனால்தான் முதலில் இரவுப் பார்வை போகிறது. ஆனால் கோளாறே இல்லாத கூம்பு செல்களும் அப்புறம் ஏன் சாகின்றன? பாரிஸ் ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு விடை கண்டார்கள். குச்சி செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அந்தப் புரதம் இருந்தால்தான் கூம்பு செல்களால் போதுமான குளுக்கோஸை உள்ளே இழுக்க முடியும் என்பது 2015-இல் தெரியவந்தது. குச்சி செல்கள் அழிந்ததும் புரதம் நின்றுபோகிறது, கூம்பு செல்கள் பட்டினியில் சாகின்றன. அந்தப் புரதத்துக்கான ஜீனின் பெயர் என்எக்ஸ்என்எல்1. விளம்பரக்காரர்கள் சொல்லும் ‘காக்கும் ஜீன்’ வகையில் இது ஒன்று.

விழித்திரை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது மட்டுமல்ல. 1990-இல் பார்வை இழந்துகொண்டிருந்த எலிகளின் கண்ணுக்குள் வளர்ச்சிக் காரணி என்ற, செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தை ஊசியால் செலுத்தினார்கள். செல்கள் சாவது தள்ளிப்போனது. வெறும் உப்புநீரைச் செலுத்திய கண்ணிலும் ஊசி பட்ட இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் செல்கள் பிழைத்திருந்தன! காயம் பட்டதும் விழித்திரையே பாதுகாப்புப் புரதங்களைச் சுரக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

ஆனால் இவை எல்லாமே கண்ணுக்குள் நேரடியாகச் செய்தவை. எந்த ஆய்விலும் வாய்வழி மாத்திரை இந்த ஜீன்களை எழுப்பி ஆர்.பி.யை நிறுத்தியதாக நிரூபிக்கப்படவில்லை. கண்ணுக்குள் செய்வதும் எளிதல்ல. சிஎன்டிஎஃப் என்ற பாதுகாப்புப் புரதத்தைச் சுரக்கும் நுண்கருவியை ஆர்.பி. நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள், பார்வை கூடவில்லை. அதே கருவிக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது வேறொரு நோய்க்கு, விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவைத் தாக்கும் நோய்க்கு. பாரிஸில் கண்ட அந்த ஜீனைக் கண்ணுக்குள் செலுத்தும் சோதனை 2023-இல்தான் மனிதர்களிடம் தொடங்கியது.

கேரட், வைட்டமின் ஏ என்றும் யாராவது சொல்வார்கள். சத்துக்குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரி. உங்கள் மகனுடையது அதுவல்ல. டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் கல்லீரல் கெடும். சில ஜீன் கோளாறுகளில் விழித்திரைக்கே கெடுதல்.

செலவு செய்வதானால் மரபணுப் பரிசோதனைக்குச் செய்யுங்கள். எந்த ஜீனில் கோளாறு என்று தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று சொல்ல முடியும். ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு ஜீனுக்கான சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே அறிமுகமானபோது இரு கண்ணுக்கும் விலை எட்டரை லட்சம் டாலர், நமக்கு எட்டாத தொகைதான். ஆனால் அதற்கும் கண்ணில் உயிருள்ள செல்கள் மிச்சம் இருக்க வேண்டும். நாளை வேறு சிகிச்சை வந்தாலும் பெரும்பாலும் இதே நிபந்தனைதான். ஆறு மாதம் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தாய்மாமன் என்று எழுதினீர்களே, பழி சொல்ல அதைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இருவரிடமும் நோயில்லாமல் ஒரே பழுதான ஜீன் இருந்திருக்கலாம். சொந்தத்தில் மணம் முடித்தால் அந்த வாய்ப்பு கூடும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மகனுக்கோ மகளுக்கோ மறுபடி சொந்தத்தில் பெண், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வந்தால், பரிசோதனை முடிவு கையில் வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மரிலும் கண் பிரிவு உண்டு. மரபணுப் பரிசோதனையை எங்கே செய்யலாம், குறைபார்வைக் கருவிகள் எது பொருந்தும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குத் தகுதி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். மகளுக்கு இருட்டில் நன்றாகத் தெரிகிறது என்றாலும் அவளையும் அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.