கேள்வி – பதில்: பெண் கோமாளிகளுக்குத் தனி விழா எதற்கு?

சென்ற இதழில், உலகெங்கும் பெண் கோமாளிகள் தங்களுக்கென்று நடத்தும் சர்வதேச விழாக்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"சிரிப்பில் ஆண் என்ன, பெண் என்ன? எல்லாவற்றுக்கும் பெண்களுக்கென்று தனி விழா வைத்துக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? திறமை இருந்தால் பொது விழாவிலேயே இடம் கிடைக்காதா?"
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

சிரிக்கிறவர்களில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது ஐயா. சிரிக்க வைக்கிறவர்களில் நிறையவே இருந்தது. ஐரோப்பிய சர்க்கஸில் கோமாளி வேடம் குடும்பச் சொத்து. எந்த அடியில் தடுக்கி விழ வேண்டும், வாளித் தண்ணீர் யார் தலையில் எப்போது கொட்ட வேண்டும், நாற்காலி எந்த நொடியில் உடைய வேண்டும் என்பதெல்லாம் அப்பாவிடமிருந்து மகனுக்கும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் போனது. முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு மிடுக்காக வருகிற ஒருவர், அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொதப்புகிற இன்னொருவர். இந்த இரண்டு ஆண்களை வைத்துத்தான் பழைய காட்சிகள் உருவாயின. அதே குடும்பத்துப் பெண்கள் குதிரை மேல் நின்றார்கள், கம்பியில் நடந்தார்கள், ஊஞ்சல் பாரில் பறந்தார்கள். சிவப்பு மூக்கு மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 1895ல் அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ், எவெட்டா என்பவரை 'ஒரே பெண் கோமாளி' என்று போஸ்டர் ஒட்டி விளம்பரம் செய்தது. பிரான்ஸின் புகழ்பெற்ற ஃப்ராத்தெலினி குடும்பத்தில் பிறந்த ஆனி ஃப்ராத்தெலினி (1932–1997), முதலில் பாட்டு, இசை என்று வெளியே போய்விட்டார். நாற்பது வயதை நெருங்கும்போது கணவர் பியேர் எத்தேயுடன் சர்க்கஸ் வளையத்துக்குத் திரும்பினார். கணவர் வெள்ளை முகம், இவர் சொதப்புகிறவர். இருவரும் சேர்ந்து பாரிஸில் சர்க்கஸ் பள்ளியும் தொடங்கினார்கள்.

என் மனதை விட்டு அகலாதவர் இன்னொருவர். பிரேசிலில் குவாரானி என்ற சர்க்கஸை நடத்தியவரின் மகள் மரியா எலீசா ஆல்வெஸ் தோஸ் ரெய்ஸ். கறுப்பினப் பெண். 1940களில் 'ஷமேகோ' என்ற கோமாளியாக வந்து கூட்டத்தைக் குலுங்க வைத்தார். பார்க்க வந்த ஜனங்கள் ஷமேகோவை ஆண் என்றே நினைத்தார்கள். வேடம் கலைத்த பிறகு அவர் மனைவி, தாய். பின்னாளில் அவருடைய பேத்தி ஓர் ஆவணப்படத்தின் மூலம் பாட்டியின் கதையை வெளியே கொண்டுவந்தார். அத்தனை வருடம் கைதட்டல் வாங்கியும், அது ஒரு பெண்ணின் வித்தை என்று அங்கே கைதட்டியவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

பொது விழாவில் இடம் கிடைக்காதா என்கிறீர்கள். கிடைக்கும், ஒருத்திக்கு. அந்த ஒருத்தி சரியாகச் செய்யாவிட்டால் 'பெண்களுக்குக் காமெடி வராது' என்று எழுதிவிடுவார்கள். இருபது பேர் ஒரே ஊரில் கூடும்போது அந்தப் பாரம் எவர் தலையிலும் இல்லை. ஒருத்தி சுமாராகச் செய்யலாம், அடுத்தவள் பிரமாதமாகச் செய்யலாம். அதைவிட முக்கியம், ஒருத்தி கண்டுபிடித்த காட்சியை இன்னொருத்தி பார்க்கிறாள். அப்பனும் பாட்டனும் சேர்த்து வைத்த சரக்கு இவர்களுக்குக் கிடையாது. இவர்கள் இப்போதுதான் சேர்க்கிறார்கள். அதற்கு ஒரு களம் வேண்டாமா?

"மேடம், அந்த விழாக்கள் எங்கெங்கே நடக்கின்றன? மேடையில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? சர்க்கஸ் ஜோக்கர் போலத் தண்ணீர் பீய்ச்சுவார்களா?"
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே மலைகளுக்குள் இருக்கிற குட்டி நாடு அண்டோரா. அங்கே 2001ல் தொடங்கிய விழாதான் இந்த வகையில் முன்னோடி. அதற்குக் கலை இயக்குநராக இருந்தவர் ஸ்பெயினின் கேட்டலோனியாவைச் சேர்ந்த பெண் கோமாளி பெப்பா பிளானா. பிரேசிலில் 1991லேயே 'ஆஸ் மரியாஸ் தா கிராசா' என்ற பெண் கோமாளிக் குழு ரியோ டி ஜெனீரோவில் உருவாகியிருந்தது. அவர்கள் 2005ல் தங்கள் ஊரில் விழாவைத் தொடங்கினார்கள். 2006ல் வியன்னாவில் 'கிளவுனின்' என்ற விழா வந்தது. அது தொடங்கிய கோஸ்மோஸ் தியேட்டரே பெண்கள் போராடிப் பெற்ற இடம். பெண்களின் கலைக்கென ஓர் அரங்கு வேண்டும் என்று கேட்டு, அதற்காக ஒரு பழைய சினிமா கொட்டகைக்குள் புகுந்து உட்கார்ந்து போராடினார்கள். 2000ல் கோஸ்மோஸ் திறந்தது.

பொதுவாகப் பகலில் பயிற்சிப் பட்டறை, கலந்துரையாடல். மாலையில் தனி நிகழ்ச்சிகள். ஒருநாள் இரவு, வந்த எல்லோரும் ஆளுக்கு ஐந்து பத்து நிமிடம் மேடையேறும் கதம்ப நிகழ்ச்சி. தண்ணீரும் பீய்ச்சலாம், தடையில்லை. ஆனால் நீ பார்க்க வேண்டியது வேறு.

சுவிட்சர்லாந்தின் கார்டி ஹுட்டர் என்றொருவர். 1953ல் பிறந்தவர். 1981ல் அவர் உருவாக்கிய பாத்திரம் ஹன்னா, சலவைக்காரி. பஞ்சு வைத்துத் திணித்த பெரிய உடம்பு, சீப்பே படாத தலைமுடி, சிவப்பு மூக்கு, ஒட்டுப் போட்ட உடை. சுற்றிலும் அழுக்குத் துணி மலையாகக் கிடக்கிறது. ஹன்னாவுக்கோ ஜோன் ஆஃப் ஆர்க் மாதிரி வீராங்கனையாக வேண்டும் என்று ஆசை. சண்டைக்குத் தயார், ஆனால் சலவைக் கொட்டடிக்கு எந்த எதிரி வருவான்? கடைசியில் துணிகளோடுதான் போர். முனகல், உறுமல், பெருமூச்சு தவிர வசனம் கிடையாது. அதனால்தான் 30க்கும் மேற்பட்ட நாடுகளில் அவரால் மேடையேற முடிந்தது.

இதன் பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் நான் கவனிக்கச் சொல்வது அவர் முகத்தை. ஒரு நொடிகூட 'நான் வேடிக்கை காட்டுகிறேன்' என்ற பாவனை அதில் கிடையாது. அவளுக்கு அது நிஜமான யுத்தம். துவைத்தாலும் குறையாத துணி எந்த வீட்டில் இல்லை? அதை எதிரிப் படையாகப் பார்க்க ஒரு பெண் கோமாளி வர வேண்டியிருந்தது.

பெப்பா பிளானாவும் இப்படித்தான். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டைக் கோமாளியாக்கினார். போருக்குப் போன கணவனுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த கிரேக்கப் பெனிலோப்பியையும் கோமாளியாக்கினார். காத்திருப்பது எவ்வளவு அபத்தமான வேலை என்று காத்திருந்தவளுக்குத்தான் தெரியும். பழைய வளையத்தில் யாரும் தொடாத விஷயம் இது.

"பெண் தன்னை அசிங்கப்படுத்திக்கொண்டால்தான் காமெடி வரும் என்கிறார் என் கணவர். டிவியில் அப்படித்தானே காட்டுகிறார்கள்? நீங்கள் நாடகப் பயிற்சி கொடுப்பவர். உங்கள் அனுபவம் என்ன?"
– இல்லத்தரசி, சேலம்

டிவியில் ஒரு குண்டான பெண்ணையோ கறுத்த பெண்ணையோ நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் அவளைக் கிண்டல் செய்வார். அங்கே அவளுக்கு வேலையே கிடையாது, சும்மா நின்றால் போதும். ஹன்னாவும் குண்டுதான். ஆனால் அவள் உடம்பைப் பற்றி அந்த மேடையில் யாரும் பேசுவதில்லை. அவள் ஆசையையும் பிடிவாதத்தையும் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

என் வகுப்பில் எளிய பயிற்சி ஒன்று உண்டு. சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு நடந்து வர வேண்டும், தடுக்கி விழ வேண்டும், எழுவதற்கு முன் பார்வையாளர்களை ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பையன்கள் விழுந்த இடத்திலேயே கிடந்து திருதிருவென்று விழிப்பார்கள், சிரிப்பு வந்துவிடும். பெண்கள் விழுந்ததும் கை தானாகத் துப்பட்டாவுக்குப் போகும், அடுத்து குர்த்தாவின் ஓரத்துக்கு. எல்லாம் சரிசெய்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்குள் அந்த நொடி போய்விடும். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் கை கேட்காது, அத்தனை வருடப் பழக்கம். ஒருநாள் ஒரு பெண் விழுந்தாள், வழக்கம்போல் கை துப்பட்டாவுக்குப் போனது. அவள் அந்தக் கையையே பார்த்தாள். அது யாரோ தெரியாதவருடைய கை என்பது போல, மெதுவாக எங்களைப் பார்த்தாள். அப்புறம் மறு கையால் அதைப் பிடித்துக் கீழே வைத்தாள். அது மறுபடி எழுந்தது. மறுபடி பிடித்து வைத்தாள். வகுப்பே அதிர்ந்தது. அதிகம் சிரித்தது மற்ற பெண்கள்தான், ஒவ்வொருவருக்கும் அந்தக் கையைத் தெரியும்.

அவள் முகத்தில் கரி பூசிக்கொள்ளவில்லை, கோணல் நடை நடக்கவில்லை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா.

"என் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கோமாளிக் கலை படிக்கப் போகிறேன் என்கிறாள். இதில் சோறு கிடைக்குமா?"
– மளிகைக் கடைக்காரர், தூத்துக்குடி

மேடை மட்டும் என்றால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் கோமாளிகள் பலருக்கு நிலையான வருமானம் தருவது மருத்துவமனை வேலை. 1986ல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன், குழந்தைகள் வார்டுக்குப் பயிற்சி பெற்ற கோமாளிகளை அனுப்பத் தொடங்கினார். 1991ல் பிரேசிலிலும், 1990களில் வியன்னாவிலும் அதே மாதிரி அமைப்புகள் வந்தன. ஊதியமுள்ள தொழில் அது, பயிற்சியும் கடுமை.

படிப்பதற்குப் பிரான்ஸில் ஜாக் லெகாக் பள்ளி, அங்கேயே பிலிப் கோலியே நிறுவிய பள்ளி, சுவிட்சர்லாந்தின் வெர்சியோ கிராமத்தில் திமித்ரி அகாதெமி எல்லாம் உண்டு, செலவும் அதிகம். உடனே கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். முதலில் ஆரோவில் பக்கத்தில் இருக்கும் ஆதிசக்தி நாடக மையத்தில் உடல், மூச்சு, தாளத்துக்கான குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வரட்டும். கோமாளிக்கு அடிப்படை அதுதான். திரும்பி வந்து உடம்பு வலியோடும் இதே ஆசையைச் சொன்னாள் என்றால், பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியில் உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.