பாதுகாப்பு ஆணைச் சட்டத்தைத் திருத்தினால் அரசுக்கு என்ன செலவாகும்?

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுவை முடிக்க உள்ள 60 நாள் கெடுவை 30 ஆகக் குறைத்து, பெண்ணைத் துன்புறுத்தக் கூடாதென்று நடுவர் இடும் பாதுகாப்பு ஆணையை மீறுவோருக்குத் தண்டனையைக் கூட்டினால் பொதுப்பணம் எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு ஊர்கள் அடங்கிய எல்லையைக் கொண்ட குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செலவு கூடும், கூடத்தான் வேண்டும் என்பதே என் பதில். அரசுக்கு ஒரு ரூபாயும் கூடாமல் ஒரு திருத்தம் வருமானால், அந்தச் செலவை மனுப் போட்ட பெண் தன் கையிலிருந்து கட்டுகிறாள் என்றே பொருள்.

2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள இச்சட்டம், மனு வந்த 3 நாளுக்குள் முதல் விசாரணையை வைக்கச் சொல்கிறது. அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயலச் சொல்கிறது. நோட்டீசை, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உதவ அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் 2 நாளுக்குள் சார்பு செய்ய, அதாவது எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க, வேண்டும் என்கிறது. கெடு ஏற்கெனவே குறுகியதுதான். ஆனால் அலுவலர் இருப்பதோ மாவட்டத் தலைநகரில். காரைக்குடியிலிருந்து அங்கே போக 40 கிலோமீட்டருக்கு மேல். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அந்த வழியில் ஓடும் வெளியூர்ப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாக வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது, தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர், கட்டட வேலைக்குப் போகிறவர், மனுக் கொடுத்தார். கணவர் ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டே இருந்ததால் நோட்டீஸ் சார்பாகாமல் திரும்பித் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் வாய்தா. "இன்னைக்காவது கூப்பிடுவாகளா அண்ணே?" என்று காலையிலேயே வந்து கேட்பார். மாலை வரை வராந்தாவில் இருந்துவிட்டுப் போவார். இறுதி ஆணை வர 14 மாதம் ஆயிற்று. ஆணையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அவரிடம் நாங்கள் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் அவர் இழந்த நாள்கூலியை எந்த வரவுசெலவுக் கணக்கிலும் நான் கண்டதில்லை. அந்தக் கோப்பைக் கட்டி வைத்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

சட்டம் நாடாளுமன்றத்தில்தான் மாறும் என்பதில்லை, தீர்ப்பாலும் மாறுகிறது. நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாவால் மத்திய அரசின் தொகுப்பு நிதியில் செலவு நேருமானால், ஆகும் செலவைச் சொல்லும் நிதிக் குறிப்பாணை அதனுடன் இணைக்கப்பட வேண்டும். தீர்ப்புக்கு அப்படி எதுவும் இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம், யார் மீது மனுப் போடலாமோ அந்த எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' என்ற வரையறையிலிருந்து அந்தச் சொற்களை நீக்கியது. கணவனின் உறவுப் பெண்களை மனைவி சேர்க்க முன்பே வழி இருந்தது. இப்போது மருமகளால் துன்பப்படும் தாயும் மனுச் செய்யலாம். நியாயமான மாற்றம்தான். ஆனால் கதவு அகலமானால் உள்ளே வருவோரைக் கவனிக்க ஆளும் வேண்டும்.

2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு செட்டிநாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. பகிர்ந்து வாழும் வீடு என்பது கணவனுக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டியதில்லை, அவன் உறவினருக்குச் சொந்தமான வீட்டில் நிலையாகக் குடியிருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை மனைவி கோரலாம் என்று அது சொன்னது. எங்கள் ஊர்களின் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ்ப் பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்), ஆளுக்கோர் அறை, பங்காளிகளில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும், முகப்புக் கதவின் சாவி யாரோ ஒருவரிடம். மகனைத் தனிக்குடித்தனமாக வேறு வைத்த பிறகும் அவன் குடும்பம் இருப்பது அதே வீட்டு வளவில்தான். மருமகள் எந்த அறையில் இருந்தாள், எந்தப் பெட்டகத்தில் அவள் சீர்ப் பாத்திரங்கள் இருக்கின்றன என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை அது. அதற்கென்று ஒரு பணியிடமும் அந்தத் தீர்ப்போடு வரவில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு அலுவலர் இல்லாத இடங்களில் வட்ட அளவு வரை 6 வாரத்துக்குள் நியமிக்கச் சொன்னது. துறையில் ஏற்கெனவே இருப்பவருக்கே அந்தப் பெயரைக் கொடுத்தால் கருவூலத்துக்குச் செலவில்லை. ஆனால் கூடுதல் பொறுப்பாக வரும் வேலை கடைசியாகத்தான் பார்க்கப்படும் என்பது அலுவலகத்தில் இருந்த எவருக்கும் தெரியும்.

தண்டனையைக் கூட்டுவது பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆணையை மீறினால் இப்போதே ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. பிணை உரிமையாகக் கிடைக்காத குற்றம் வேறு. ஆண்டுக் கணக்கை இரண்டாக்குவதற்கு முன், மீறல் நடந்த இரவில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகக் காவல் நிலையத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

எனவே 30 நாள் கெடு வருமானால் நான் முதலில் தேடுவது அரசாணையில் பணம் ஒதுக்கும் ஒப்பளிப்புப் பக்கத்தைத்தான். வட்டத்துக்கு ஒரு முழுநேரப் பாதுகாப்பு அலுவலர், நோட்டீஸ் கொண்டுபோக ஒரு பணியாளர், அவருக்கு வண்டியும் எரிபொருள் படியும், நீதிமன்றத்தில் இந்த மனுக்களுக்கென ஓர் எழுத்தர், வாய்தாவுக்கு வரும் பெண்ணுக்குப் பயணப்படி. இவை அதில் இருந்தால் 30 நாள் நடக்கும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு, 60 நாள் கெடு இருக்கும்போதே அந்தத் தேவகோட்டைப் பக்கத்துப் பெண்ணுக்கு 14 மாதம் ஆனதை மேலே சொல்லியிருக்கிறேன்.