கேள்வி: எங்கள் வகைப்பாட்டு அட்டவணை பேரண்ட் ஐடி (தாய் வகையின் எண்) வழியாகத் தன்னையே சுட்டுகிறது. எஸ்கியூஎல்ஆல்கெமியில் (பைத்தானில் தரவுத்தளத்தைக் கையாளும் நூலகம்) அந்த உறவுக்கு 'ஜாயின்டு' (ஜாயின் போட்டு ஒரே வினவலில் எடுக்கும் முறை) கொடுத்தும், பிள்ளை வகைகள் முன்கூட்டியே வருவதில்லை. ஏன்?

பதில்: எத்தனை மட்டம் இறங்குவது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரே அட்டவணை மறுபடி எதிர்ப்பட்டதும் எஸ்கியூஎல்ஆல்கெமி நின்றுவிடும். முடிவில்லாமல் ஜாயின் போடாமல் இருக்க அதுதான் காப்பு. அந்த உறவிலேயே ஜாயின் டெப்த் (join_depth) 2 என்று கொடுங்கள், இரண்டு மட்டம் வரும்.

ஆனால் எண்ணை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஒவ்வொரு வகைக்கும் 10 பிள்ளைகள் என்றால், மூன்றாம் மட்டத்தில் ஒரு வேருக்கே 1000 வரிசைகள். ஒவ்வொன்றிலும் வேரின் எல்லா நெடுவரிசைகளும் திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கு மேல் போனால் நான் 'செலக்ட்இன்' பக்கம்தான் போவேன். பெரும்பாலும் மட்டத்துக்கு ஒரு வினவல், வரிசைகள் பெருகாது. எஸ்கியூஎல்ஆல்கெமி 2.0 பதிப்பிலிருந்து, வினவலில் இந்த முறையைக் கேட்கும் செலக்ட்இன்லோடுக்கு (selectinload), எத்தனை மட்டம் என்று சொல்ல ரிகர்ஷன் டெப்த் (recursion_depth) இருக்கிறது. -1 கொடுத்தால் கடைசிப் பிள்ளை வரை இறங்கும்.

அப்புறம், இந்த ஆழத்தை மாடலிலேயே (அட்டவணையை விவரிக்கும் வகுப்பில்) எழுதிவைக்காமல், தேவைப்படும் வினவலில் மட்டும் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் காட்டும் பக்கத்துக்கு முழு மரமும் எதற்கு?