அடைப்புக்குறிக்குள் அம்மா

கேள்வி: எங்கள் குடும்பத் தொழில் சக்கர நாற்காலி தயாரிப்பு. அப்பா தொடங்கியது. அண்ணன் கணக்கும் விற்பனையும் பார்க்கிறார். டிசைன் படித்துவிட்டு வந்த நான் ஒரு புது மாடல் செய்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருக்கும் பிரேக் லீவரை எடுத்துவிட்டு, கை வைக்கும் இடத்தில் ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொள்ளும், பச்சை விளக்கு எரியும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. (அம்மா மட்டும் ஒருமுறை பட்டனைச் சரியாக அழுத்தாமல் எழுந்து, வண்டி பின்னால் நகர்ந்து, முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். வயதாகிவிட்டது, பழகினால் சரியாகிவிடும்.) தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் பன்னிரண்டு வண்டிகளைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா, "எல்லாரும் லீவர்தான் வைக்கிறார்கள், மாற்றாதே" என்கிறார். அண்ணன் 'பெஸ்ட் பிராக்டிஸ்' என்று சொல்லி, பெரிய கம்பெனிகளின் மாடலை அப்படியே செய்யச் சொல்கிறார். புதுமையா, பழகிய முறையா, எது சரி? நான் பிரிந்து போய்த் தனியாகத் தொடங்கலாமா?

பதில்: கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன் தம்பி. முழுக் கடிதத்தில் அப்பாவின் பிடிவாதம் ஒன்றரைப் பக்கம், அண்ணனின் பயம் ஒரு பக்கம். அம்மா அடிபட்டதற்கு இரண்டு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். அந்த இரண்டு வரியைத் தவிர மற்றதெல்லாம் நான் பலமுறை படித்த கடிதம்தான்.

உங்கள் வண்டியில் யார் உட்காரப்போகிறார்கள்? கால் தளர்ந்தவர்கள், கை நடுங்குபவர்கள், கண் மங்கியவர்கள். "வயதாகிவிட்டது" என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அம்மாதான் உங்கள் வாடிக்கையாளர். ஊரில் இருக்கும் எல்லாரிடமும் கருத்துக் கேட்டாலும் கிடைக்காத பதிலை அவர் முழங்காலில் வாங்கித் தந்திருக்கிறார். பெற்றவள் விழுந்தால் பிள்ளை முதலில் கேட்க வேண்டியது "ஏன் நகர்ந்தது?" என்பதை. நீங்கள் "எப்போது பழகுவார்?" என்று யோசித்திருக்கிறீர்கள். இதில் எனக்குக் கோபம்தான், மறைக்கப் போவதில்லை.

ஏன் நகர்ந்தது என்று நான் சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழும் நொடிதான் ஆபத்தான நொடி. உடம்பின் பாரம் முன்விளிம்புக்கு வரும், இரண்டு கையும் கீழே ஊன்றும், வண்டி பின்னால் தள்ளப்படும். அப்போது கண் தரையைத் தேடுமே தவிர, கைக்கு அடியில் இருக்கும் பச்சை விளக்கைத் தேடாது. லீவரில் அந்தச் சிக்கல் இல்லை. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இருட்டிலும் தொட்டுப் பார்க்கலாம். அறை வாசலில் நிற்கும் மருமகளும் பார்த்த உடனே "பிரேக் போடவில்லை, இருங்கள்" என்று சொல்லலாம். பட்டன், அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது. நீங்கள் எடுத்துப் போட்டது ஒரு கம்பியை மட்டுமில்லை, பூட்டியாயிற்றா என்று கைக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை.

இதே தவறு கார்களில் நடந்திருக்கிறது. ஃபியட் கிரைஸ்லர் சில மாடல்களில் புது மாதிரி கியர் நெம்புகோல் வைத்தது. எந்த கியர் போட்டாலும் கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். பார்க்கிங்கில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியவர்கள் மீது அவர்கள் வண்டியே உருண்டது, பலர் காயப்பட்டார்கள். திரையில் கியரைக் காட்டும் விளக்கு இருந்தது. கதவைத் திறந்தால் எச்சரிக்கை ஒலியும் வந்தது. இருந்தும் போதவில்லை. 2016 ஏப்ரலில் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஓட்டுநர்களையும் யாராவது "பழகினால் சரியாகிவிடும்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதற்காக அப்பா சொல்வது சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "எல்லாரும் வைக்கிறார்கள்" என்பது காரணமே இல்லை. லீவர் ஏன் வேண்டும் என்று அவர் உங்களை உட்காரவைத்து விளக்கியிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீர்கள். தொழிலைக் கையில் கொடுக்கும் பெற்றோர் அதன் காரணங்களையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அண்ணனோ அந்தக் காரணத்தையே கேட்காமல் அடுத்தவன் வண்டியைப் பார்த்து எழுதச் சொல்கிறார். அவன் செய்த தவறும் சேர்ந்தே வரும்.

அப்புறம், லீவருக்கும் ஒரு பெரிய குறை உண்டு. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் மறுபக்க லீவரை எப்படி எட்டுவார்? எட்டிச் சாய்ந்தால் விழுவார். ஒரே இடத்தில் இரண்டு சக்கரத்தையும் பூட்டும் உங்கள் யோசனை அவருக்கு வரப்பிரசாதம். ஆனால் கடிதம் முழுக்க அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அழகாக இருக்கிறது" என்பதுதான் நீங்கள் சொன்ன ஒரே காரணம். நல்ல யோசனையைத் தப்பான காரணத்துக்காகச் செய்ததால்தான் அது தப்பான உருவம் எடுத்தது.

வால்வோவில் நில்ஸ் போலின் 1959-இல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தபோது, ஒரு கையால் மாட்ட முடிய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அன்று அது புதுமை. இன்று அதை மாற்றுகிறேன் என்று ஒருவர் வந்தால் நாம்தான் தடுப்போம். சாம் ஃபார்பர் என்பவர் தன் மனைவிக்கு மூட்டுவலியால் தோல் சீவும் கருவியைப் பிடிக்க முடியாததைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1990-இல் வந்த 'ஆக்ஸோ' என்ற சமையலறைக் கருவிகளின் தடித்த ரப்பர் கைப்பிடி. வலித்த கை எதைப் பிடித்திருந்ததோ அதை மாற்றினார். வீட்டில் ஒருவர் படும் கஷ்டத்திலிருந்து தொடங்கிய வேலை அது. உங்கள் வீட்டிலும் அதே வாய்ப்பு வந்தது, நீங்கள் அதை அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அப்பாவும் அண்ணனும் மறுத்ததால்தான் இந்தப் பட்டன் பன்னிரண்டு வீடுகளோடு நிற்கிறது. தடுக்க ஆளில்லாத இடத்தில் அது எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள். குடும்பத்தோடு சேர்ந்து தொழில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், உண்மைதான். அது பாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வது பிள்ளையின் கடமை, நல்ல டிசைனரின் வேலையும் அதுவே.

ஒரு கையால் இரண்டு பக்கமும் பூட்டுகிற, பூட்டியதும் சாய்ந்தே நிற்கிற லீவர் ஒன்றை வரையுங்கள். முதல் மாதிரியை எந்த விளக்கமும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்து, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நின்று பாருங்கள்.

ஆனால் அது அடுத்த மாதத்து வேலை. இந்த வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போங்கள். பட்டனைக் கழற்றிப் பழைய லீவரை மாட்டிக் கொடுங்கள். வண்டி எப்போதாவது நகர்ந்ததா, எந்தக் கை பலவீனம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடனே போக முடியாத வீடுகளுக்கு இன்றே போன் போட்டு, நாற்காலியில் இருப்பவர் எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் பின்னால் நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.