கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம்

வணக்கங்க. ஈரோடு பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறேன். பதினோரு வருட சர்வீஸ். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர் இணைப் பேராசிரியர் ஆகிவிட்டார். நான் இன்னும் உதவிப் பேராசிரியர்தான். பகுதிநேர பிஎச்.டி. ஆறாவது வருடத்தில் நிற்கிறது. நடுவில் பிரசவம், அப்புறம் ஹாஸ்டல் வார்டன் வேலை. யாரும் என்னை மட்டம் தட்டியதில்லை. 'குழந்தை சின்னதுங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம்' என்றுதான் சொல்கிறார்கள். யாரைக் குறை சொல்வது?
ச., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ச.,

அந்த 'ங்க'வில்தான் விஷயமே இருக்கிறது. நம் பக்கத்தில் கதவைச் சாத்தினாலும் மரியாதையாகத்தான் சாத்துவார்கள். ஊட்டிக் கருத்தரங்கு வேண்டாம், அலைச்சல். துறைத்தலைவர் பொறுப்பு வேண்டாம், டென்ஷன். ஆனால் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தால் கோலம், குத்துவிளக்கு, வரவேற்பு எல்லாம் உங்கள் தலையில். ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டல் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் நீங்கள். குழந்தை சின்னது என்பது அப்போது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு முனைவர் பட்டம், எட்டு வருட அனுபவம், ஏழு ஆய்வுக் கட்டுரைகளாவது கேட்கிறார்கள். அனுபவம் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. கட்டுரை எழுத வேண்டிய ராத்திரிகள்தான் ஹாஸ்டல் வராண்டாவில் போய்விட்டன.

தாவரவியல் என்றதும் ஜானகி அம்மாள் ஞாபகம் வந்தார். 1934 முதல் சில வருடங்கள் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கரும்போடு மக்காச்சோளத்தைக் கலப்பினம் செய்து பார்த்தவர். பிறகு இங்கிலாந்து போய், 1945இல் மரபணு விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். பத்மஸ்ரீ வந்தது 1977இல், எண்பது வயதை ஒட்டி. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனாலேயே அவரைக் காட்டி உங்களை உசுப்பேற்ற எனக்கு மனசில்லை. உங்களோடு சேர்ந்தவர் வீட்டிலும் குழந்தை இருக்கலாம். ஆய்வா குழந்தையா என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். யுஜிசியின் 2016, 2022 பிஎச்.டி. விதிகள் இரண்டிலுமே பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசம் தர இடமிருக்கிறது. பிரசவம், குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. பல்கலைக்கழகத்தில் எழுதிக் கேளுங்கள். வார்டன் வேலையை வாய்ப்பேச்சில் ஏற்காதீர்கள். ஆர்டர் கேளுங்கள், வாரத்துக்கு எத்தனை வகுப்பு குறையும் என்பதையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். முகம் கோணுவார்கள். கோணட்டும்.

அடுத்த முறை யாராவது 'ரெஸ்ட் எடுங்க மேடம்' என்றால், 'சரிங்க, வார்டன் வேலையிலிருந்து எடுத்துக்கறனுங்க' என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.